மகளை சுற்றுலா படிக்க வைக்கலாமா?

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மகள் சுற்றுலா மேலாண்மை படிக்கணும்னு நிக்கிறா. குழுக்கடன் வாங்கிக் கட்டலாமா? இனி எல்லாம் மெஷினே பாத்துக்கும்னு சொல்றாங்களே?"

நம்ம பிச்சாவரத்தையே எடுத்துக்குங்க. சிதம்பரம் போய் பஸ் மாறினா போதும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கே படகு விடுகிறது. டிக்கெட் போடுவது, கணக்கு எழுதுவது இதையெல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடும். காத்து வலுத்தா படகை நிறுத்தணுமா, துடுப்பு போடுறவங்களுக்குள்ளே முறைத் தகராறு வந்தா யாரை அனுப்பணும்? அதுக்கு மேனேஜர் நேரில் நிக்கணும். 2013-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர் 702 வேலைகளை வரிசைப்படுத்தினார்கள். மெஷினுக்குப் போக வாய்ப்பு மிகக் குறைவு என்று அவர்கள் சொன்னது, விளையாட்டு, பாட்டு மூலம் நோயாளிகளைத் தேற்றும் வேலையை.

சினிமா கொட்டகையில் பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்ததும் ஆபரேட்டர் வேலைதான் அடிபட்டது, மேனேஜர் தப்பித்தார். ஆனா 2020-இல் கொரோனாவுக்குக் கொட்டகையும் படகுத்துறையும் மூடினப்போ மேனேஜருக்கும் கஷ்டம்தான். மெஷினைவிட எனக்கு இந்தப் பயம்தான் அதிகம். ஊர் சுற்றுவதைத்தான் ஜனங்க முதல்லே நிறுத்துவாங்க.

அதனால மூணு வருஷக் கட்டணத்தையும் ஒரே கடனா வாங்காதீங்க. முதல் வருஷத்துக்கு மட்டும் வாங்குங்க. ஓட்டல், படகுத்துறைன்னு பயிற்சிக்கு அனுப்புவாங்களான்னு கல்லூரியில் கேளுங்க. கணக்குப் பாடமும் கூட இருந்தா நல்லது, வேறு வேலைக்கும் உதவும். அக்கா, அடுத்த கூட்டத்துக்கு மகளையும் கட்டண விவரத்தையும் கொண்டு வாங்க.