திறந்த கதவோடு புறப்பட்ட கப்பல்



1987-ஆம் வருஷம் மார்ச் மாதம் 6-ஆம் தேதி மாலை, பெல்ஜியத்தின் ஜீபுரூகே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவரை நோக்கி, 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்னும் பிரயாணிக் கப்பல், 459 பிரயாணிகளையும் 80 சிப்பந்திகளையும் ஏராளமான கார்களையும் லாரிகளையும் சுமந்துகொண்டு புறப்பட்டது. காற்று மெல்ல வீசிற்று; அலை என்று சொல்லத்தக்கது எதுவும் கடலில் இல்லை; கப்பலும் கட்டி ஏழே வருஷமான உறுதியான கப்பல். அப்படியிருந்தும், துறைமுகத்தின் வெளிச்சுவரைத் தாண்டிய சில நிமிஷங்களுக்குள், அபாயச் செய்தி அனுப்பக்கூட அவகாசமின்றி, ஏறக்குறைய ஒன்றரை நிமிஷ நேரத்தில் அது இடப்புறமாகக் கவிழ்ந்தது. அருகே வேலை செய்துகொண்டிருந்த தூர்வாரும் கப்பல் ஒன்று, அதன் விளக்குகள் திடீரென மறைந்ததைக் கண்டு செய்தி சொன்ன பிறகே கரையிலுள்ளோர் விஷயத்தை அறிந்தனர். ஒரு மணல்திட்டின்மேல் ஒருக்களித்துப் படிந்ததால் கப்பலின் பாதி உடல் நீருக்கு வெளியே நின்றது. அந்தத் தற்செயல் நேராதிருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. மிஞ்சாமல் போனவர்கள் 193 பேர். அவர்களுள் பலர், ஒரு பத்திரிகை அறிவித்த சலுகைச் சீட்டில், ஒரே நாளில் அக்கரைக்குப் போய்த் திரும்பும் உல்லாசப் பிரயாணமாக வந்த சாதாரணக் குடும்பத்தினர்.

அந்த இருட்டிலும் உறைய வைக்கும் குளிரிலும் மனிதர்கள் காட்டிய தைரியத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல் ஒருக்களித்துவிட்டதால் நடக்கும் வழிகள் எல்லாம் ஆழ்கிணறுகளாக மாறிவிட, ஒரு பயணி, இடையே இருந்த பிளவின் குறுக்கே தம் உடலையே பாலமாகக் கிடத்தி, தம் குடும்பத்தாரும் பிறருமாகப் பலர் தம்மீது மிதித்து ஏறி உயிர்பிழைக்க இடம் கொடுத்தார். பெல்ஜிய ஹெலிகாப்டர்களில் வந்தவர்களும், நொறுங்கிய ஜன்னல்களின் வழியே கயிறு விட்டவர்களும், நீரில் மூழ்கித் தேடியவர்களும் இரவெல்லாம் பாடுபட்டனர்.

புயலில்லாத கடலில் ஒரு நல்ல கப்பல் ஏன் கவிழ வேண்டும்? இத்தகைய கப்பல்களில் முன்முனையாகிய அணியத்திலும் பின்புறத்திலும் பெரிய கதவுகள் உண்டு. வண்டிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் பொருட்டு, கப்பலின் நீளம் முழுவதும் குறுக்குச் சுவரே இல்லாத ஒரு விசாலமான தளம் அமைந்திருக்கும். ஹெரால்டு அன்று அணியத்துக் கதவுகளைத் திறந்தபடியே கடலுக்குள் சென்றது. அந்தத் துறையின் ஏற்றுமேடை இந்தக் கப்பலுக்குப் பொருந்தாததால், அணியத்தைத் தாழ்த்துவதற்காக முன்தொட்டிகளில் நீர் நிரப்பியிருந்தார்கள். புறப்படும்போது அந்த நீர் முழுவதும் வெளியேறவில்லை. வேகம் கூடக்கூட அணியத்தின்முன் எழும் நீர்த்திரை உயர்ந்தது. ஒரு கட்டத்தில் அது கதவின் விளிம்பைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. தாம்பாளத்தில் தண்ணீரை வைத்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு, அது சற்றே சாய்ந்தால் தண்ணீர் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை மேலும் பெரிதாக்கிவிடும் என்பது தெரியும். சுவரில்லாத தளத்தில் நடந்தது அதுவே. கப்பலை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் புக வேண்டியதே இல்லை; ஓடுவதற்கு இடமிருந்தால் போதும்.

கதவை மூட வேண்டியவர் மாலுமிகளின் மேற்பார்வையாளருக்கு உதவியாளராக இருந்த ஒருவர். அவர் தம் வேலைக்கிடையே ஓய்வெடுக்கப் போய்த் தம் அறையில் உறங்கிவிட்டார். புறப்பாட்டு அழைப்பு அவரை எழுப்பவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும், குற்றவாளி அகப்பட்டுவிட்டார், விசாரணை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பது நீதியாகாது. அவருடைய மேலாளர் வண்டித் தளத்தைவிட்டுக் கடைசியாக வெளியேறியவர். கதவு திறந்திருப்பதைக் கண்டும், அதை மூடுவது தம் கடமையில் சேர்ந்ததல்ல என்று சென்றுவிட்டார். கதவு மூடப்படுகிறது என்பதை உறுதி செய்ய வேண்டிய முதல் அதிகாரிக்கோ, அதே வேளையில் மேலே கப்பலைச் செலுத்தும் மேடையிலும் இருந்தாக வேண்டும் என்ற கட்டளை இருந்தது. ஒரு மனிதர் இரண்டு இடங்களில் நிற்பது எப்படி என்பதை அந்தக் கட்டளையை எழுதினவர்கள் யோசிக்கவில்லை. குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்னதாகவே புறப்படுங்கள் என்று அதிகாரிகளை விரட்டும் கடிதமும் நிர்வாகத்திலிருந்து சென்றிருந்தது. இவையெல்லாம் இப்படி இருக்க, கப்பல் தலைவர், 'கோளாறு' என்று ஒருவரும் வந்து சொல்லாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுமானித்துக் கப்பலை நகர்த்தினார். 'மூடியாயிற்று' என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டிய விதியே அங்கே இருக்கவில்லை. அவர் நின்ற மேடையிலிருந்து அந்தக் கதவு கண்ணுக்கும் தெரியாது.

விசாரணையை நடத்திய நியாயாதிபதி ஷீன், உறங்கியவரோடும் கப்பல் தலைவரோடும் நின்றுவிடாமல், அஜாக்கிரதை என்னும் நோய் கம்பெனியின் உச்சிமுதல் அடிவரை பரவியிருந்தது என்று கண்டித்து எழுதினார். அவருடைய அறிக்கையில் என்னை மிகவும் வருத்திய பகுதி ஒன்றைச் சொல்கிறேன். இதே கம்பெனியின் வேறொரு கப்பல் 1983-ஆம் வருஷத்திலேயே திறந்த கதவோடு புறப்பட்டிருந்தது. அன்று யாருக்கும் தீங்கு நேரவில்லை. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைக் காட்டும் ஒரு சிறிய விளக்கை எங்கள் மேடையில் பொருத்தித் தாருங்கள் என்று 1985-இல் அக்கப்பலின் தலைவர் எழுத்துமூலம் கேட்டார். கரையிலிருந்த நிர்வாகிகள், கதவை மூடும் ஆள் விழித்திருக்கிறானா என்பதைக் காட்டவும் ஒரு விளக்கு வேண்டுமோ என்ற தோரணையில் அந்தக் கோரிக்கையைப் பரிகசித்து ஒதுக்கினார்கள். 193 பேர் இறந்த பின்னர், மிஞ்சிய கப்பல்களில் அந்த விளக்குகள் சில நாட்களுக்குள் பொருத்தப்பட்டுவிட்டன. சில நாட்களில் செய்யக்கூடியதாக இருந்த காரியம் ஈராண்டுகளாகச் செய்யப்படவில்லை என்பதை அந்தக் குடும்பங்கள் எப்படித் தாங்கியிருக்கும்?

இது புதிதாகக் கிடைத்த பாடமும் அன்று. 1953 ஜனவரி 31-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரேரிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குச் சென்ற 'பிரின்ஸஸ் விக்டோரியா', புயலின் அலைகள் பின்கதவை உடைத்து வண்டித் தளத்தை நிரப்பியதால் மூழ்கிற்று. அதிலிருந்த பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பின்னும் 1994 செப்டம்பர் 28-ஆம் தேதி, பால்டிக் கடலில் 'எஸ்டோனியா'வின் அணியத்தை மூடியிருந்த முகமூடி போன்ற முன்பகுதி அலைகளின் அறையால் பெயர்ந்து விழ, 852 பேர் மாண்டனர். அந்தக் கப்பலின் மேடையில் விளக்குகள் இருந்தன. ஆயினும் முகமூடி பெயர்ந்துபோனதை அவை காட்டவில்லை. முன்பக்கத்தில் உலோகம் மோதும் ஓசையைச் சிப்பந்திகள் கேட்டும், கப்பலின் வேகம் தக்க சமயத்தில் குறைக்கப்படவில்லை. ஆகவே விளக்கு மாத்திரம் ரட்சிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கு சரியாக எரிகிறதா என்பதையும் ஒரு மனிதர் சென்று பார்த்து, பார்த்ததை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெரால்டு விஷயத்தில் மரண விசாரணை நடத்திய ஜூரிகள், இவை சட்டவிரோதமாக விளைந்த மரணங்கள் என்று தீர்மானித்தனர். அதைத் தொடர்ந்து கம்பெனியின்மேலும் சில தனிமனிதர்மேலும் நடந்த குற்ற வழக்கு 1990-இல் நிலைக்காமல் சரிந்தது. பெரிய ஸ்தாபனம் ஒன்றில் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடப்பதால், குற்றத்துக்குரிய முழு மனமும் எந்த ஒருவரிடத்திலும் இருந்ததாக நிரூபிக்க இயலவில்லை. கம்பெனியே மனித மரணத்துக்குக் குற்றவாளியாகலாம் என்று தெளிவாக வகுத்த சட்டம் பிரிட்டனில் 2007-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1998 ஜூலை முதல், பிரயாணிக் கப்பல்களை நடத்தும் கம்பெனிகள் பாதுகாப்புக்கு ஒழுங்கான நிர்வாக முறை வைத்திருக்க வேண்டும் என்றும், அந்தப் பொறுப்புக்காகத் தலைமை நிர்வாகத்தை நேரே அணுகக்கூடிய ஒருவரைக் கரையிலே நியமிக்க வேண்டும் என்றும் சர்வதேச விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், இத்தனை துக்கத்திலிருந்து உலகம் பெற்ற மிக உபயோகமான பலன் இதுதான். கடலில் நிற்பவரின் எச்சரிக்கையைக் கரையில் நாற்காலியில் இருப்பவர் கேட்டே தீரவேண்டும் என்று இந்த விதி கட்டாயப்படுத்துகிறது.

நேயர்களே, அன்று கப்பலில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக்கூடச் சரியான ஜாபிதா இருக்கவில்லை; இறந்தவர் யார், பிழைத்தவர் யார் என்று உறவினர்கள் நாட்கணக்கில் தவித்தனர். ஆதலால், பெரிய கப்பலோ சிறிய படகோ, ஆட்களை ஏற்றிச் செல்லும் எந்த மரக்கலத்தை நடத்துவோரையும் நான் வேண்டிக்கொள்வது இது: கயிற்றை அவிழ்க்குமுன் ஏறியவர்களை எண்ணுங்கள், எண்ணினதை எழுதிக் கரையிலே ஒருவரிடம் கொடுங்கள், 'மூடியாயிற்று' என்ற சொல்லை உங்கள் காதால் கேட்கும்வரை நகராதீர்கள். உங்களிடம் வேலை செய்யும் எளிய மாலுமி ஒருவர் ஒரு விளக்கோ, ஒரு மிதவையோ, ஒரு ஆளோ போதவில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள்.