மாப்பிள்ளைக்கு முந்தி வருகிற மணம்

(தோட்ட இளைஞர், யுவதியர் ஒன்றுகூடலில் கல்முனைப் பகுதிச் சுகாதாரத் தொண்டர்கள் ஆற்றிய உரை)



உங்களுக்கு மலை, எங்களுக்குக் கடல். ஆனாலும் நீங்கள் பறிக்கிற கொழுந்துதான் எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைக்கு வருகிறது. அந்தக் கடை வாசலில்தான் எங்கள் பொடியன்மார் முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 2015இலிருந்து பெட்டியில் 80 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற சட்டமும் உண்டு. ஆனால் ஒன்று, இரண்டாக வாங்குகிற பொடியன் பெட்டியை எங்கே பார்க்கிறான்?

புற்றுநோய், மாரடைப்பு பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் இன்றைக்குக் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்க வந்தோம்.

ஒரு பொடியன் ஏன் பிடிக்கத் தொடங்குகிறான்? பெரிய ஆம்பிளை மாதிரித் தெரியத்தான். பொம்பிளைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பும் உண்டு. சினிமா அப்படிக் காட்டிக் கொடுத்திருக்கிறது. ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்ததைப் பார்த்து எத்தனை பேர் பழகினார்கள்! 2002இல் 'பாபா' படம் வந்தபோது இதற்காகவே தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. அதே ரஜினிகாந்த் 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு மேடையில் என்ன சொன்னார் தெரியுமா? கண்டக்டராக இருந்த காலத்திலேயே குடியும் சிகரெட்டும் தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும், மனைவி லதாதான் அன்பாலேயே தன்னை மாற்றியதாகவும் சொன்னார். திரையில் சிகரெட் அழகாக இருந்தது. வீட்டில் அதை மாற்ற ஒரு பெண் பாடுபட வேண்டியிருந்தது.

இனி எங்கள் ஊர்க் கதை. எங்கள் கரையோர ஊர்களில், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று எல்லாவற்றிலும், கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குரியது. ஆகவே மாப்பிள்ளையின் சிகரெட்டும் மாமா, மாமி இருக்கிற வீட்டுக்குள்ளேதான் போகும். அதனாலே பெண் வீட்டார் பொடியனைப் பற்றி விசாரிக்கும்போது "பத்திறதா?" என்றும் கேட்பார்கள்.

எங்கள் சொந்தத்திலே ஒரு மாப்பிள்ளை, "இல்ல" என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கராம்பு மென்றுகொண்டு வந்தார். கல்யாணமும் நடந்தது. முதல் கிழமையிலேயே அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் சொன்னாள்: "மச்சான், நீங்க வாசலுக்கு வாறத்துக்கு முந்தி ஒங்கட மணம் வருது. பத்திறத்த விட, பொய் சொன்னதுதான் எனக்குக் கவல." அவருக்கு அப்போதுதான் திடுக்கென்றது. தன் மேலே மணம் இருப்பதே அவருக்குத் தெரியாது!

அது அவர் குற்றமில்லை. புகை மூக்கின் மணம் பிடிக்கும் சக்தியை மழுங்கடிக்கிறது. ஊரெல்லாம் அறிந்த மணத்தைப் பிடிக்கிறவர்தான் கடைசியாக அறிகிறார். கராம்பும் டொபியும் வாயைத்தான் மூடும். மணம் மூச்சிலும் தலைமயிரிலும் உடுப்பிலும் இருக்கிறது. பல்லிலே கறை, முரசிலே நோய், வயதுக்கு முந்திய முகச் சுருக்கம் எல்லாம் பின்னால் வரும்.

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், இதையும் சொல்லத்தான் வேண்டும். புகை இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஆண்மைக்கும் அந்த இரத்த ஓட்டம்தான் வேண்டும். ஆம்பிளை என்று காட்டப் பிடிக்கிற சிகரெட்டே ஆண்மைக் குறைவைக் கொண்டு வரலாம், விந்தையும் கெடுக்கலாம். பிள்ளை இல்லையென்று பெண்ணை மட்டும் ஏசுகிற மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் லயத்துக் காம்பராவை நாங்கள் பார்த்தோம். சமையலும் படுக்கையும் பக்கத்தில் பக்கத்தில். மழைக் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பீடி இழுத்தால் எல்லோரும் இழுத்த மாதிரித்தான். வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை நிறை குறைந்து பிறக்கலாம். பீடிதானே, சுருட்டுதானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். எல்லாம் ஒரே புகையிலைதான். வெற்றிலையோடு போயிலை போடுகிற அம்மாமாருக்கும் இதில் பங்குண்டு. அது வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

நம்ம மாப்பிள்ளை பிறகு என்ன செய்தார்? முதலில் விறாந்தைக்குப் போனார். இரண்டு முறை விட்டார், இரண்டு முறையும் திரும்பப் பிடித்தார். மனைவி ஏசவில்லை. "திரும்ப நாளையிலிருந்து எண்ணுவம் மச்சான்" என்றாள். மூத்த பிள்ளை பிறந்த வருடம் மூன்றாம் முறையாக விட்டார். இன்று வரை தொடவில்லை. விட்ட சில நாளிலேயே மாமி ஆக்கிய மீன் ஆணத்தின் மணமும் ருசியும் புதிசாகத் தெரிந்ததாம்! ஒரு வருடம் விட்டிருந்தால் மாரடைப்பு வருகிற ஆபத்தும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

தங்கச்சிமாரே, மாப்பிள்ளை பேசும்போது இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியும் இருக்காதீர்கள். எல்லோரும் மாறுவதில்லை. தம்பிமாரே, கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "பிடிக்கிறேன், விடப் பார்க்கிறேன்" என்று சொல்கிறவனை ஒரு பெண் நம்பலாம். விட உதவி வேண்டுமென்றால் தோட்டத்து வைத்தியரிடம் கேளுங்கள். 1948 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கேட்கலாம்.

அடுத்த கல்யாணப் பேச்சிலே சம்பளத்தையும் சாதகத்தையும் கேட்கிற இடத்திலே இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, பொடியன் பக்கத்திலே கொஞ்சம் கிட்ட உட்கார்ந்தும் பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது.