கணினியின் தலைவாயில்



ஒரு வீட்டிலே எத்தனை அறைகள் இருப்பினும், வாயில் எங்கே என்று அறியாதவன் வெளியிலேதான் நிற்கவேண்டும். கணினியும் அத்தகைய ஒரு வீடே. கடிதம் எழுத ஒரு செய்நிரல், கணக்குப் பார்க்க ஒரு செய்நிரல், படம் வரைய ஒரு செய்நிரல் என அதனுள்ளே பல அறைகள் உள. அவற்றுள் வேண்டியதைக் கண்டு, திறந்து, வேலையைத் தொடங்குவது எப்படி என்பதே புதிதாகப் பயில்வோன் எதிர்ப்படும் முதல் வினா. அந்தத் தலைவாயிலை எவ்வாறு அமைத்தல் நன்று என்பதைப் பற்றியே இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

இது பொறியியலாளர் ஆராயவேண்டிய விடயமன்றோ, பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறைக்குக் காரணம் உண்டு. கணினிக் கூடத்திலே ஒரு மாணவன் வேண்டிய செய்நிரலைக் காணாது தடுமாறும்பொழுது, ‘இந்த இயந்திரம் பிழையாக அமைக்கப்பட்டிருக்கிறது’ என்று அவன் கூறுவதில்லை. ‘எனக்கு இது விளங்காது, ஐயா’ என்றே கூறுகின்றான். பல்லாண்டு கற்பித்துப் பழுத்த ஆசிரியரும் அவ்வாறே கூறி ஒதுங்கிவிடுகின்றார். அமைத்தவரின் குற்றத்தைப் பயில்வோர் தம் குற்றமாக ஏற்றுக்கொள்கின்றனர். கல்வியோடு தொடர்புடைய எவரும் இதனை அலட்சியம் செய்தல் ஆகாது.

முற்காலத்துக் கணினியிலே வாயில் என்று கண்ணுக்குத் தெரிவதொன்றும் இருக்கவில்லை. வெறுந்திரையிலே ஒரு சிறு குறி மின்னிக்கொண்டிருக்கும். செய்நிரலின் பெயரை நினைவிற் கொண்டு, ஓரெழுத்தும் பிசகாமல் விசைப்பலகையிலே தட்டவேண்டும். பெயர் மறந்தால் வழியும் மறைந்தது. இந்நிலையை மாற்ற முயன்றவற்றுள் முக்கியமானவை 1981ஆம் ஆண்டிலே செரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்’ என்னும் கணினியும், 1983ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘லீசா’ என்னும் கணினியும் ஆகும். இவற்றின் திரையிலே தாள்களும் கோப்புறைகளும் சிறு படங்களாகக் காட்சியளித்தன. லீசாவிலே கடிதம் எழுத விரும்புவோர், திரையில் உள்ள தாட்கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுப்பதுபோல் எடுத்து எழுதத் தொடங்குவர். அதற்குரிய செய்நிரல் தானாகவே வந்து நிற்கும். மனிதனுக்கு வேண்டியது கடிதமேயன்றிக் கடிதம் எழுதும் கருவியின் பெயரன்று என்னும் உயர்ந்த உண்மை இவ்வமைப்பிலே பொதிந்திருந்தது.

ஆயின் இக்கணினிகள் விலை மிகுந்தவை. லீசாவின் விலை ஏறக்குறைய 10,000 அமெரிக்க டொலர். மலிவான கணினிகள் பெருகியபோது, பற்பல நிறுவனங்கள் செய்த செய்நிரல்களும் பெருகின. கருவியின் பெயரே மீண்டும் முன்வந்து நின்றது. 1990ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘விண்டோஸ் 3.0’ என்னும் பதிப்பிலே, செய்நிரல்களின் சிறுபடங்களைக் கூட்டங் கூட்டமாக அடுக்கிய ஒரு பலகை இருந்தது. வேண்டிய படத்தின்மேற் சுட்டியை நிறுத்தி, விரைவாக இருமுறை அழுத்தவேண்டும். பழகாத கைக்கு அது எளிதன்று. அன்றியும், திறந்த செய்நிரல் திரையை நிறைத்தவுடன் பலகை அதன் பின்னே மறைந்துவிடும். மறைந்தது பின்னால் இருக்கிறது என்று அறியாதோர், அது தொலைந்ததென்றே எண்ணினர்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தார் பின்னர் ஒரு புதிய பதிப்பை ஆக்கியபொழுது, பழகாதோரை அழைத்து, கணினியின் முன் அமர்த்தி, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதைக் கவனித்தனர். முதலில் திரையின் அடியிலே மூன்று பொத்தான்களை வைத்துப் பார்த்தனர். பின்னர் அவற்றை ஒன்றாக்கி, ‘தொடங்கு’ என்று பொருள்படும் ‘ஸ்டார்ட்’ என்னும் சொல்லை அதன்மேற் பொறித்தனர். 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி வெளிவந்த ‘விண்டோஸ் 95’இன் புகழ்பெற்ற பொத்தான் அதுவே. எத்தனை செய்நிரல்கள் திறந்திருப்பினும் அது திரையின் இடது மூலையை விட்டு நீங்காது. ஒருமுறை அழுத்தினாற் போதும். முதன்முறை கணினியைத் திறப்போர்க்கு, இங்கே அழுத்தித் தொடங்குக என்று ஓர் அம்புக்குறி வந்து வழிகாட்டியது. தடுமாறியவரைப் பழியாது, தடுமாற்றத்துக்குரிய காரணத்தைத் தேடியதன் பயன் இது.

ஆயினும் அதுவும் குறையற்றதன்று. கணினியை நிறுத்துவதற்கும் ‘தொடங்கு’ என்னும் பொத்தானையே அழுத்தவேண்டியிருந்ததைப் பலர் நகைத்தனர். பட்டியலைத் திறந்தால் அதற்குள் ஒரு பட்டியல், அதற்குள் மற்றொன்று என விரியும். கை சிறிது பிசகினால் விரிந்தவை யாவும் மறைந்துவிடும். செய்நிரல்கள் பெரும்பாலும் அவற்றைச் செய்த நிறுவனங்களின் பெயரால் அடுக்கப்பட்டிருந்தனவே தவிர, அவை செய்யும் வேலையால் அடுக்கப்படவில்லை. நூல்நிலையத்திலே நூல்களைப் பொருள்வாரியாக வைக்காது அச்சகவாரியாக அடுக்கினால் எப்படியிருக்கும்!

இங்கே ஓர் ஆய்வைக் குறிப்பிடுதல் பொருந்தும். போல் ஃபிற்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954ஆம் ஆண்டிலே, ஓர் இலக்கைக் கை சென்றடைய எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் பருமனையும் பொறுத்தது என்று காட்டினார். அண்மையிலுள்ள பெரிய இலக்கு எளிது. சேய்மையிலுள்ள சிறிய இலக்கு அரிது. திரையின் ஓரமும் மூலையும் இதற்கு ஒரு விசேட வசதி தருகின்றன. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினும் அது ஓரத்தைக் கடந்து செல்லாது. ஆதலின் மூலையிலுள்ள பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டும் அடையலாம். இருந்தும், விண்டோஸ் 95இலே பொத்தானுக்கும் மூலைக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி விடப்பட்டிருந்தது. மூலைக்குத் தள்ளி அழுத்தியவர்க்கு வாயில் திறக்கவில்லை. பின்வந்த பதிப்புகளிலேதான் இக்குறை நீங்கியது.

கைக்கு இடம் பழகிவிட்டால், கண் அதைத் தேடுவதில்லை. இருளிலும் நம் வீட்டு விளக்கின் விசையைக் கை தானே சென்று தொடுகின்றதல்லவா? அந்தப் பழக்கத்தைக் குலைப்பது பெருந்தீங்கு. ‘விண்டோஸ் 2000’ என்னும் பதிப்பு, அடிக்கடி பயன்படாத பெயர்களைப் பட்டியலிலிருந்து மறைத்து வைத்தது. உதவி செய்வதாக எண்ணியே அவ்வாறு செய்தனர். நேற்று இருந்த பெயரை இன்று காணாது பலர் திகைத்தனர். 2012ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘விண்டோஸ் 8’ அந்தப் பொத்தானையே நீக்கிவிட்டு, தொடுதிரைக்கு ஏற்ற ஓடுகளைத் திரை முழுதும் பரப்பிற்று. பதினேழு ஆண்டுகள் பழகிய வாயில் ஒரே நாளில் மறைந்தது. மக்களின் அதிருப்தி பெரிதாயிற்று. 2013இலே பொத்தான் மீண்டது; 2015இலே பழைய பட்டியலும் புதுவடிவில் மீண்டது. 2021இலே வந்த ‘விண்டோஸ் 11’ பொத்தானைத் திரையடியின் நடுப்பக்கத்துக்குக் கொணர்ந்தது. அங்கே செய்நிரல்கள் திறக்கத் திறக்க அது சிறிது சிறிதாக இடம் பெயர்கின்றது. விரும்புவோர் அதனை மீண்டும் இடது மூலையில் வைத்துக்கொள்ள இடமளித்தது ஓர் ஆறுதல்.

இவற்றுக்கிடையே, தட்டித் தேடும் முறையும் பரவிற்று. 2005ஆம் ஆண்டிலே அப்பிள் கணினிகளில் ‘ஸ்பொட்லைற்’ என்னும் தேடலும், 2007ஆம் ஆண்டிலே ‘விண்டோஸ் விஸ்ரா’வின் பட்டியலுள்ளே ஒரு தேடற்பெட்டியும் வந்தன. பெயரின் முதல் எழுத்துக்கள் இரண்டு மூன்றைத் தட்டினாற் போதும். செய்நிரல் முன்னே தோன்றும். பயின்றவர்க்கு இதனினும் விரைவான வழி இல்லை. பயிலாதவர்க்கோ, வெறுந்திரையிலே குறி மின்னிய அந்தப் பழைய நிலைமையே மீண்டும் வாய்த்தது. பெயர் அறியாதவன் எதைத் தட்டுவான்? அப்பெயரும் ஆங்கிலப் பெயராயின் நம் கிராமத்து மாணவனின் இடர் இருமடங்காகின்றது.

இதற்கு ஒரு நல்ல பரிகாரம் ஏற்கெனவே உண்டு. லினக்ஸ் வகைக் கணினிகளிலே ஒவ்வொரு செய்நிரலும் தன்னைப் பற்றிய சிறு குறிப்பொன்றைச் சுமந்து வருகின்றது. அக்குறிப்பிலே, செய்நிரலின் சொந்தப் பெயர் மட்டுமன்றி, அதன் தொழிலைச் சொல்லும் பொதுப்பெயர், ஒருவரி விளக்கம், தேடுவதற்குரிய சொற்கள் ஆகியவற்றையும் பல மொழிகளில் எழுத இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழுக்கும் அங்கே இடமுண்டு. ‘ஃபயர்ஃபொக்ஸ்’ என்னும் பெயரை அறியாதவனும், அந்த வரிகள் தமிழில் நிரப்பப்பட்டு, கணினியும் தமிழில் அமைக்கப்பட்டிருப்பின், ‘உலாவி’ என்று தட்டி அதனை அடையலாம். அவ்வரிகளை நிரப்புவதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. தெளிந்த தமிழ் அறிந்தவர் தேவை. நம் ஆசிரியரும் உயர்வகுப்பு மாணவரும் செய்யத்தக்க தொண்டு இது.

நேயர்களே, கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நல்ல வாயில் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும், அது புதியவனுக்கு. நல்ல வாயில் இடம் பெயராதிருத்தல் வேண்டும், அது பழகியவனுக்கு. நல்ல வாயில் வேலையின் பெயரைச் சொல்லி அழைத்தாலும், அவரவர் தாய்மொழியிலே அழைத்தாலும், திறத்தல் வேண்டும், அது எல்லோர்க்கும். ஒன்றுக்காக மற்றொன்றை அடைத்தல் தகாது. புதுவாயில் அமைப்பவர், மக்கள் அதற்குப் பழகும்வரை பழைய வாயிலையும் திறந்தே வைத்தல் அறிவுடைமையாகும்.

இனி ஒருமுறை உங்கள் பிள்ளையோ, உங்கள் வயது முதிர்ந்த தந்தையோ கணினியின் முன் அமர்ந்து, ‘எனக்கு இது வராது’ என்று சொல்லக் கேட்டால், உடனே அதை நம்பிவிடாதீர்கள். அவர் எந்த வாயிலைத் தேடினார், அது எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று அருகில் அமர்ந்து பாருங்கள். அறியாமை என்று நாம் எண்ணுவது, பல வேளைகளில், பிழையான இடத்தில் வைக்கப்பட்ட ஒரு கதவாகவே இருக்கும்.