நகைப்பும் வியப்பும்

‘ஃபன்னி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குங்கால் நாம் சற்றே தயங்க நேர்கிறது. சிரிப்பு விளைப்பதையும் அது குறிக்கும். வழக்கத்துக்கு மாறாய் விசித்திரமாயிருப்பதையும் குறிக்கும். நம் ‘வேடிக்கை’யும் அவ்வாறே இரு பொருள் தருவது.

1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னரும், பாலக்காட்டைச் சார்ந்த சித்தூரிலும் இடுக்கியைச் சார்ந்த தேவிகுளத்திலும் தமிழர் பலர் வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் பேச்சில் மலையாளம் இயல்பாகக் கலக்கிறது. அங்கிருந்து கோவைக்கோ மதுரைக்கோ வரும் சிறுவன் ‘அம்மா பறைந்தாள்’ என்றால், ‘வேடிக்கையான தமிழ்’ என்று உறவினர் நகைப்பர். ஆனால், சொல்லுதல் என்னும் பொருளில் ‘பறைதல்’ பழந்தமிழ்ச் சொல்லேயாகும். யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வழங்குகிறது. சிரித்தவருக்குத்தான் அது புதிது, தமிழுக்கு அன்று.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தது தொல்காப்பியம். பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளின் தமிழும் இவ்வாறு எள்ளப்படுவதுண்டு. எள்ளலுக்கு அஞ்சிய நா, நாளடைவில் தமிழையே விட்டுவிடும். ஆகவே, ஒரு குழந்தையின் சொல் விசித்திரமாய்த் தோன்றும்போது, நகைக்குமுன் அச்சொல் எங்கிருந்து வந்ததென வினவுவோமாக.