தொங்கும் பார்லிமெண்டு: பயம் யாருக்கு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

பிரிட்டனில் பொதுத் தேர்தல் வருகிறபோதெல்லாம் அங்குள்ள முதலாளிப் பத்திரிகைகள் ஒரு பூச்சாண்டியைக் காட்டும். எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லாமல் போனால் பார்லிமெண்டு அந்தரத்தில் தொங்கும், பவுன் நாணயத்தின் மதிப்பு சரியும், நாடே அல்லோலகல்லோலப்படும் என்று ஓலமிடும். 2010ம் வருஷத் தேர்தலில் டோரிகள், அதாவது கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள், "தொங்கு பார்லிமெண்டுக் கட்சி" என்று ஒரு போலிக் கட்சியைக் கற்பித்து, கேலிப் பிரசாரப் படமே எடுத்து ஓடவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் தேர்தல் நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். தொகுதிக்கு ஒருவர், ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அவர்தான் ஜெயித்தவர் என்ற இந்த முறையை நாம் அவனிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம். அதன் விசித்திரங்களைத் தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை. 1951ல் லேபர் கட்சிக்கு டோரிகளைவிட அதிக ஓட்டு. ஆனால் டோரிகளுக்கு 321 ஸ்தானங்கள், லேபருக்கு 295. ஆட்சி டோரிகள் கைக்குப் போயிற்று. ஓட்டில் தோற்றவன் ஆளுகிறான் என்று அப்போது எந்தக் கனவானும் கண்ணீர் விடவில்லை.

1974ம் வருஷத்துக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அப்போது பிரதம மந்திரி டோரித் தலைவர் ஹீத். தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிப்போட 1971ல் தொழிலுறவுச் சட்டம் கொண்டுவந்த மனிதர். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது; கூலிக்கு சர்க்கார் உச்சவரம்பு கட்டியிருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு, 1973 நவம்பரில் ஓவர்டைம் வேலையை நிறுத்தினார்கள். கரி குறைந்தது, கரியில் ஓடும் மின்சார நிலையங்கள் திணறின. உடனே ஹீத் என்ன செய்தார்? பேசித் தீர்த்தாரா? இல்லை. 1974 ஜனவரி 1 முதல் ஆலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம் என்று உத்தரவு போட்டார். ஆலை மூடிய நாளில் கூலி என்ன ஆகும் என்பதை இங்கே இருக்கும் மில் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத் தொழிலாளியின் மீது மற்றத் தொழிலாளிகளை ஏவிவிடலாம் என்பதுதான் கணக்கு.

சுரங்கத் தொழிலாளர்கள் ஓட்டெடுத்தார்கள். 100க்கு 81 பேர் வேலைநிறுத்தம் என்றார்கள். "பிரிட்டனை ஆளுவது யார்?" என்ற கோஷத்தோடு ஹீத் தேர்தலுக்குக் கிளம்பினார். நானா, சங்கமா என்று ஜனங்களைக் கேட்டார். பிப்ரவரி 28ல் 100க்கு ஏறக்குறைய 79 பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள். முடிவு என்ன? லேபர் 301, டோரி 297. மொத்தம் 635 ஸ்தானங்களில் ஒருவருக்கும் பாதி இல்லை. லிபரல் கட்சிக்கு 60 லட்சம் ஓட்டு, கிடைத்ததோ 14 ஸ்தானம்! ஹீத் உடனே இறங்கினாரா? நாலு நாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு லிபரல் தலைவர் தார்ப்போடு பேரம் நடத்தினார். தேர்தல் முறையை மாற்றுவோம் என்ற உறுதியை லிபரல்கள் கேட்டார்கள். ஹீத் தர முடியவில்லை. பேரம் முறிந்தது. மார்ச் 4ல் அவர் வெளியேற, வில்ஸன் மெஜாரிட்டி இல்லாமலே மந்திரிசபை அமைத்தார்.

நாடு நாசமாயிற்றா? சில நாட்களில் சுரங்கத் தொழிலாளர்களின் கூலி உயர்வு முடிவாகியது. மூன்று நாள் வாரம் ஒழிந்தது. அந்த வருஷமே தொழிலுறவுச் சட்டம் ரத்தாயிற்று. வேலைத்தலத்தில் தொழிலாளியின் உயிருக்கும் உடம்புக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கும் சட்டமும் நிறைவேறியது. வில்ஸனுடைய நல்ல மனதால் நடந்ததா இது? சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது, தோழர்களே!

உடனே, மெஜாரிட்டி இல்லாத சர்க்கார்தான் தொழிலாளிக்கு நல்லது என்று முடிவுகட்டி எழுந்து போய்விடாதீர்கள். 1923 டிசம்பர் தேர்தலிலும் ஒருவருக்கும் மெஜாரிட்டி இல்லை. டோரிகளுக்கு 258, லேபருக்கு 191. லிபரல்கள் தயவில் 1924 ஜனவரியில் முதல் லேபர் சர்க்கார் ஏறியது. பிரதமர் ராம்ஸே மாக்டொனால்டு. அந்த சர்க்கார் லண்டனில் இருக்கும்போதுதான் இங்கே கான்பூர் சதி வழக்கு நடந்தது. 1924 மே மாதத்தில் முஸாபர் அகமது, டாங்கே, உஸ்மானி, நளினி குப்தா ஆகியோருக்கு நாலு வருஷக் கடுங்காவல். நம் சிங்காரவேலரும் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். நோயாய்க் கிடந்ததால் விசாரணைக்குக் கொண்டுபோகப்படவில்லை. லேபர் என்று பெயர் இருந்ததே தவிர ஏகாதிபத்தியத்தின் கை ஓயவில்லை.

இவ்வளவு சாதுவாக இருந்தும் அந்த சர்க்காரைப் பிழைக்க விட்டார்களா? தொழிலாளிகளைச் சுடாதீர்கள் என்று சிப்பாய்களுக்கு வேண்டுகோள் வெளியிட்ட கம்யூனிஸ்டுப் பத்திரிகாசிரியர் காம்பெல் மீதான வழக்கைக் கைவிட்டது என்ற குற்றத்துக்காக டோரிகளும் லிபரல்களும் சேர்ந்து கவிழ்த்தார்கள். ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் முன்பு, மாஸ்கோவிலிருந்து ஜினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தை "டெய்லி மெயில்" பத்திரிகை வெளியிட்டது. அது போலி என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அன்றைக்கு வேலை முடிந்தது, டோரிகள் ஏறினார்கள்.

1929ல் மீண்டும் தொங்கும் பார்லிமெண்டு, மீண்டும் மாக்டொனால்டு. மீரத் சதி வழக்கில் 30க்கு மேற்பட்ட தோழர்கள் சிறையில் கிடந்தார்கள், அவர் விடுவிக்கவில்லை. 1931ல் பிரிட்டனில் வேலையற்றோர் 25 லட்சத்துக்கு மேல். பாங்கி முதலாளிகள், வேலையற்றோர் உதவித்தொகையில் 100க்கு 10 வெட்டு என்றார்கள். மந்திரிசபை பிளந்தது. மாக்டொனால்டு டோரிகளோடு சேர்ந்து "தேசிய சர்க்கார்" அமைத்து, வெட்டை நடத்திக் காட்டினார். தன் கட்சியைத் தானே காட்டிக்கொடுத்த பிரதமர் என்ற பெயர் இன்றுவரை அவருக்கு அழியவில்லை.

2010ல் டோரிகளோடு கூட்டுச் சேர்ந்த லிபரல் டெமாக்ரட்டுகளின் கதை சுருக்கமானது. கல்லூரிக் கட்டணம் உயர ஓட்டுப் போடமாட்டோம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். மந்திரி பதவி கிடைத்ததும், கட்டணத்தை வருஷத்துக்கு 9,000 பவுன் வரை உயர்த்துவதற்குத் துணைபோனார்கள். 57 ஸ்தானத்தோடு போனவர்களை 2015ல் ஜனங்கள் 8 ஸ்தானத்தோடு திருப்பி அனுப்பினார்கள். இடையில், 2011ல், தேர்தல் முறையைச் சற்று மாற்றலாமா என்று ஜன வாக்கெடுப்பு நடந்தது. 100க்கு 68 பேர் வேண்டாம் என்றார்கள். லிபரல்கள் மீதிருந்த கோபமும் அதில் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, மெஜாரிட்டி கிடைத்த சர்க்கார் எப்படி? 2024 ஜூலைத் தேர்தலில் லேபர் கட்சி வாங்கியது 100க்கு 34 ஓட்டுகூட நிரம்பவில்லை. பிடித்தது 650ல் 411 ஸ்தானம். 100க்கு 40 பேர் சாவடிப் பக்கமே வரவில்லை. இதை உறுதியான ஆட்சி என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அந்த மாதமே அந்த சர்க்கார், குளிர்காலத்தில் கணப்புச் செலவுக்காக முதியவர்களுக்குக் கொடுத்துவந்த உதவிப் பணத்தைப் பெரும்பாலோருக்கு நிறுத்தப்போவதாக அறிவித்தது. பார்லிமெண்டில் அதைத் தடுக்க எதிர்க்கட்சிகளுக்குப் பலமில்லை. கிழவர்களும் கிழவிகளும் எதிர்த்தார்கள், சங்கங்கள் எதிர்த்தன, 2025 மே மாத ஸ்தல தேர்தல்களில் லேபருக்குப் பலத்த அடி விழுந்தது. ஜூன் மாதம் அதே சர்க்கார், முக்கால்வாசி ஓய்வூதியக்காரர்களுக்கு அந்தப் பணத்தைத் திரும்பக் கொடுக்க ஒப்புக்கொண்டது.