குடியம் குகைக்குப் போகிறோம்: திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

(டிசம்பர் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு ஒன்றில் குடியம் குகைக்கு நடந்து போகலாம் என்று நம் குரூப்பில் ஒருவர் போட்டார். இரண்டே நாளில் 22 பேர் பெயர் கொடுத்துவிட்டீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளையும் இருக்கிறது, எழுபத்தொரு வயதுத் தாத்தாவும் இருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் வேன் வாடகை, டிபன், டி-ஷர்ட் கலர் என்று எல்லாம் பேசிய நீங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதற்காகத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக முப்பத்து மூன்று வருடம் இருந்தவள். பெரும்பாலும் கேஷ் கவுன்டர். அங்கே சாயங்காலம் கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் காலையிலேயே சாயங்காலத்தை நினைத்துத்தான் வேலை செய்வோம். மலை நடைக்கும் இதே கணக்குதான். இதை நான் ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

2020 ஜனவரி. நான் ரிட்டயர் ஆன முதல் வருடம். நாங்கள் இருவரும், கூட வேலை பார்த்த இரண்டு தம்பதிகளுமாகக் குடியம் போனோம். வழியில் நின்று டிபன், காபி. நடக்க ஆரம்பிக்கும்போது மணி பத்தரை. வனத்துறையிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அது எங்கள் தப்பு. “ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்” என்று சாப்பாட்டுப் பையைக் காரிலேயே வைத்துவிட்டோம். மாட்டுத் தடத்தில் வழி மாறி, குகையை அடைந்தபோது மணி ஒன்று.

திரும்பும்போது பாதி வழியில் என் வீட்டுக்காரர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, யார் என்பதுபோல் விழித்தார். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர், மதியம் சாப்பிடவில்லை. ஆறு பேர் கையிலும் ஒரு மிட்டாய் கிடையாது. போனில் சிக்னல் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து, மடியிலிருந்து இரண்டு கடலை உருண்டையை எடுத்துக் கொடுத்தார். மெல்ல மென்று தின்றார். கால் மணி நேரத்தில் என் பெயரைச் சொன்னார். “சாப்பாட்ட எங்கம்மா வச்சுட்டு வந்தீங்க?” என்று அந்த அம்மா கேட்டார். “கார்ல” என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மா அங்கே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 22 பேரை அதிர்ஷ்டத்தை நம்பிக் கூட்டிப் போகக் கூடாது.

போகவே வேண்டாமா என்றால், கட்டாயம் போக வேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டம் என்றால் சிப்காட், லாரி, புகை என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருடம் செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் நம் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி ஆராய்ந்து, அங்கே கிடைத்த பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் வருடத்துக்கு முந்தியவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். குடியம் குகையிலும் 1960-களில் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. குகைச் சுவரைப் பாருங்கள். உருண்டைக் கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்தது போல இருக்கும். அந்தக் கூழாங்கல் வகைதான் ஆதி மனிதனின் ஆயுதத்துக்கு மூலப்பொருள். பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம் அது.

இப்போது திட்டம். தாள் ஒன்றை எடுத்து, கீழிருந்து மேலாக எழுதுங்கள்.

முதலில் கடைசி வரி: பகல் 12 மணிக்குள் எல்லோரும் குடியம் ஊருக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஜனவரியானாலும் அதற்கு மேல் அந்த முட்காட்டில் நல்ல நிழல் கிடையாது.

அடுத்து, நடக்க எவ்வளவு நேரம்? ஊரிலிருந்து குகைக்குச் சுமார் 4 கிலோமீட்டர். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது திடகாத்திரமானவர்களுக்கு. நம் கூட்டத்தில் பிள்ளைகளும் மூட்டுவலிக்காரர்களும் உண்டு. கல்லும் சரளையுமான பாதை. அதனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வையுங்கள். குகையில் முக்கால் மணி.

அப்படியானால் 6.45-க்கு நடக்க ஆரம்பித்து, 8.45-க்குக் குகை, 9.30-க்குத் திருப்பம், 11.30-க்கு ஊர். கையில் அரை மணி மிச்சம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டை, பூண்டி வழியாக வேனுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால், நம் கேட்டை விட்டு 4.30-க்குக் கிளம்ப வேண்டும். வழிகாட்டி வேறு நேரம் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 9.30 மட்டும் மாறக் கூடாது. குகை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, 9.30-க்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும். குகை எங்கேயும் போய்விடாது.

அனுமதி. அது காப்புக்காடு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை அறிவித்தது. குடியம் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி வருவார். காட்டுத் தீ அபாயத்துக்காக 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இந்த நடைகளை நிறுத்தி வைத்தார்கள். ஆகவே ஜனவரியைத் தவறவிட்டால், வெயில் காலத்தில் போகலாம் என்று தள்ளாதீர்கள். அடுத்த குளிர்காலம்தான்.

வழிகாட்டி எதற்கு, கூகுள் மேப் போதாதா என்று சில தம்பிகள் கேட்டார்கள். என் அண்ணன் மகள் ஸ்பெயினில் இருக்கிறாள். அங்கே மலைக் கிராமங்களில் பாதைக்குப் பாதை பாறையிலும் மரத்திலும் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். 10 கிலோமீட்டருக்குள் என்றால் வெள்ளை-பச்சை, அதற்கு மேல் 50 வரை வெள்ளை-மஞ்சள். தப்பான வழி என்றால் அதே நிறத்தில் பெருக்கல் குறி. நாங்கள் போனபோது இங்கே அப்படி ஒரு கோடும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு ஆட்டுத் தடமும் பாதை மாதிரியே இருந்தது. நமக்குப் பெயிண்ட் அந்த வழிகாட்டிதான்.

பை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குகையை அடையும்போது ஒரு லிட்டர் மிச்சம் இருக்க வேண்டும். சாப்பாடு அவரவர் முதுகில், வேனில் இல்லை. கடலை மிட்டாய், குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ். எல்லோரிடமும். சர்க்கரை, பிரஷர், இதயம் சம்பந்தமாக மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பிறகு மாத்திரைப் பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கூட நடப்பவரிடமும் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். செருப்பு வேண்டாம், ஷூ. குகையில் பெரிய மலைத்தேன் கூடுகள் தொங்கும்; சென்ட், புகை, கூச்சல், கல்லெறிதல் எதுவும் கூடாது. கல்லை நினைவுக்காகப் பையில் போட்டுக்கொண்டும் வராதீர்கள்.

கம்பெனியில் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூங்காமல் நேரே வந்து நடக்காதீர்கள். ஷிஃப்டை மாற்றிக்கொள்ள முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் அடுத்த தடவை.

கடைசியாக, எல்லோரும் குகை வரை நடந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு பட்டியல் போடலாம் என்பது என் யோசனை. ஒன்று நடப்பவர்கள். இன்னொன்று பூண்டிக் குழு. 1944-ல் கட்டி முடித்த ஏரி அங்கே இருக்கிறது. தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் கற்கருவிகளை நிழலில் நின்று பார்க்கலாம். அன்று திறந்திருக்குமா என்று முன்கூட்டியே நான் விசாரித்துச் சொல்கிறேன். நடந்து முடித்தவர்களும் பகலில் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்; எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். வீட்டில் இருக்கும் ஒருவரிடம் நம் பட்டியலையும் நேரத்தையும் கொடுத்துவிட்டுப் போவோம். 1 மணிக்குள் போன் வராவிட்டால் அவர் விசாரிக்க ஆரம்பிக்க வேண்டும்.

பட்டியல் நோட்டு செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. ஏற்கெனவே பெயர் கொடுத்தவர்களும் எந்தக் குழு என்று மறுபடி எழுதுங்கள். நடப்பவர்கள் பக்கத்தில் மேலே “9.30-க்குத் திரும்பச் சம்மதம்” என்று எழுதியிருக்கிறேன், அதன் கீழேதான் கையெழுத்து. பூண்டிக் குழுவில் முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. நேற்று அவரே எழுதினார், நான் சொல்லவில்லை.