துண்டை யார் போடுவது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'விளையாட்டைப் பற்றி ஏதாவது பத்து நிமிடம் பேசு' என்றார்கள் சங்கத்தார். படித்த காலத்தில் நான் மைதானத்துப் பக்கம் போனதெல்லாம் என்.எஸ்.எஸ்.ஸில் புல் வெட்டத்தான். ஆனாலும் குத்துச்சண்டை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் அப்பா முகமது அலியை நேரில் பார்த்தவர்.

1980 தொடக்கத்தில் அலி மதராஸ் வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு ஒரு காட்சிப் போட்டி. அப்பாவுக்கு அப்போது 25 வயசு. இங்கே ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம மலைக்கோட்டை எந்திரிச்சு நடந்து வந்த மாதிரி இருந்துச்சுடா" என்று இன்றைக்கும் சொல்வார்.

அப்பா பார்த்தது ஓய்வு பெற்றுவிட்ட அலியை. 1978 செப்டம்பரில் லியோன் ஸ்பிங்க்ஸை வென்று மூன்றாவது முறையாகப் பட்டம் வாங்கி, 1979இல் விலகியிருந்தார். அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மதராஸ் வந்துபோன அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, 38 வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சி ஜோடியாக இருந்தவர். பத்து சுற்று. ஒரு சுற்றுகூட அலிக்கு இல்லை. கடைசியில் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். அலி வாழ்நாளில் இப்படிப் பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்றது அந்த ஒரு முறைதான்.

குத்துச்சண்டையில் தன் ஆள் தாங்க மாட்டான் என்று தெரிந்தால் மூலையில் இருப்பவர் துண்டை வீசுவார். நம்ம ஊரில் துண்டு போடுவது பஸ்ஸில் இடம் பிடிக்க. அங்கே, இடத்தை விட்டு எழுந்திரு என்று சொல்ல!

அலிக்கு யாருமே சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, 1977இல் எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு, சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வருகிறது என்ற பரிசோதனை அறிக்கையை அலிக்கும் மனைவிக்கும் மேனேஜருக்கும் அனுப்பினார். பதில் இல்லை. டாக்டர் விலகிப் போய்விட்டார். ஹோம்ஸ் சண்டைக்கு முன்னால் மாயோ மருத்துவமனையில் சோதித்தபோது, ஒற்றைக் காலில் குதிப்பதிலும் விரலால் மூக்கு நுனியைத் தொடுவதிலும் குறை இருந்ததைக் குறித்தே அனுப்பினார்கள். அப்படியும் லைசென்ஸ் கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு கடைசிச் சண்டை. அங்கே சுற்றுக்கு அடிக்க ஒழுங்கான மணிகூட இல்லாமல் மாட்டு மணியை அடித்தார்களாம். அதிலும் தோல்வி. 1984இல் பார்க்கின்சன் நோய் என்றார்கள். வாங்கிய அடிதான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு சண்டைகளும் அவருக்கு நல்லது செய்தன என்று சொல்லும் ஒருவரையும் நான் படித்ததில்லை.

அப்படியானால் வயசை வைத்து முடிவு செய்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். அது அவ்வளவு லேசில்லை. மேரி கோமை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது, சரி, முடிந்தது என்று உட்கார்ந்திருந்தால் 2008, 2010, 2018 உலகப் பட்டங்களும் 2012 லண்டன் ஒலிம்பிக் வெண்கலமும் நமக்கு ஏது? 2021இல் டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்ற நடுவர் தீர்ப்பில் தோற்றார். அப்போது அவருக்கும் 38 வயசு, ஹோம்ஸ் முன்னால் நின்ற அலியின் அதே வயசு! ஆனால் ஒன்று மூன்றே சுற்று நடக்கும் ஆட்டம், இன்னொன்று பதினைந்து சுற்றுக்குப் பேசிய சண்டை. மேரி கோம் இருந்த பிரிவில் 40 வயசுக்கு மேல் விதியே அனுமதிக்காது. 2024 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதியபோது, ஆசை இன்னும் இருக்கிறது, விதிதான் விடவில்லை என்ற பொருளில்தான் பேசினேன் என்று மறுத்தார். பணத்துக்கு ஆடும் குத்துச்சண்டையில் அப்படிப் பொதுவான வேலி கிடையாது. ஜார்ஜ் ஃபோர்மேன் 1994இல் 45 வயதில் உலகப் பட்டம் வென்றார். அவரைக் காட்டியே எத்தனையோ பேர் இரண்டு வருஷம் கூடுதலாக அடி வாங்கியிருப்பார்கள்.

நான் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். ரிங் ஃப்ரேமில் டிராவலர் என்று நகத்தளவு ஒரு கம்பி வளையம் ஓடும். அதைக் கணக்கு வைத்து, நாள் வந்ததும் மாற்றிவிடுவோம். புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள், "நல்லாத்தானே சார் ஓடுது, ஏன் மாத்தணும்?" என்று. ஓடும்போதுதான் மாற்ற வேண்டும். தேய்ந்தது தனக்குத் தேய்ந்தது என்று டிராவலருக்குத் தெரியாது. நூல் அறுவது கூடும்போது ரிங்கே கெட்டிருக்கும். சாம்பியனுக்கும் இதுதான் சங்கடம். விழுந்தாலும் எழுந்திருப்பேன் என்று நம்பித்தானே அவன் சாம்பியன் ஆனான்? அந்த நம்பிக்கையிடமே போய் 'நிறுத்தட்டுமா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? அதனால் ரிங்குக்கு வெளியில் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். 1975இல் மணிலாவில் ஜோ ஃப்ரேசியரின் கண் வீங்கி மூடிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்றுதான். ஃப்ரேசியர் கெஞ்சியும் எடி ஃபட்ச் விடவில்லை. பட்டம் கிடைக்காவிட்டால் போகட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். மாங்காய்ப் பூட்டுக்குச் சாவி அராவுவதில் அவர் கை சுத்தம். அந்தக் கை நடுங்குவதை முதலில் பார்த்தது நான். ஒரு தீபாவளி லீவில் வந்திருந்தபோது அரம் தடம் விலகிப் போனது. அடுத்த பொங்கலுக்கு, சாவி திரும்பவில்லை என்று ஒரு பூட்டு திரும்பி வந்தது. பித்தளை சரியில்லை என்றார். நானும் ஆமாம்பா என்றேன். மில்லில் பேரிங் சத்தம் லேசாக மாறினாலே மெஷினை நிறுத்துகிறவன், வீட்டில் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அவரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த கூட்டாளிதான் ஒரு நாள் கையிலிருந்த அரத்தை மெல்ல வாங்கி, "போதும்ணே, நீங்க உக்காந்து பயலுகளுக்குச் சொல்லுங்க" என்றார். அப்பா ஒரு வாரம் பட்டறைப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் போனார். இப்போது பூட்டைக் காதருகே வைத்து, நெம்புகோல் விழும் சத்தத்தைக் கேட்டே தேறும், தேறாது என்கிறார்.

போன மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டார்.

"கை நடுங்குனது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே தெரியும்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாம்லடா" என்றார்.